வெள்ளம் என்று கேட்ட பிள்ளை

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் உத்தமபாளையம் பக்கம். கணவர் சொந்த ஜீப்பில் தினமும் விடியற்காலை 5 மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவார். திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகனுக்கு 11 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோட்டயம் பக்கம் ஒரு இல்லத்திலிருந்து பெண் குழந்தையைச் சட்டப்படி தத்து எடுத்தோம். அப்போது அவளுக்கு 3 வயது. மூளை முடக்குவாதம், வலது கையும் காலும் பலம் குறைவு என்று முன்பே சொன்னார்கள். தெரிந்துதான் எடுத்தோம்.

இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாள். தலையணை உறைக்குள் அரை தோசை, பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் கிடக்கிறது. எறும்பு வருகிறது, எலி வருகிறது. கேட்டால் நான் வைக்கவில்லை என்கிறாள். கீழே விழுந்தால் அழுவதே இல்லை. ஆனால் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். பேச்சும் தெளிவில்லை. வந்த புதிதில் தண்ணீருக்கு "வெள்ளம், வெள்ளம்" என்பாள், எல்லோரும் சிரிப்போம். இரண்டு மொழி குழப்பும், தமிழ் மட்டும் பேசுங்கள் என்றார்கள். இப்போது ஒரு மலையாள வார்த்தைகூட இல்லை. தமிழும் சரியாக வரவில்லை.

போன மாதம் திடீரென்று, "நான் உன் வயித்துல இருந்தேனாம்மா?" என்று கேட்டாள். பயத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மாமியார், எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது என்கிறார். நாத்தனார், "மலையாளத்துப் பிள்ளை, ஒட்டாது, திருப்பிக் கொடுத்துடலாமே" என்கிறார். மகனும் இப்போதெல்லாம் ரொம்ப அமைதியாகிவிட்டான். யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். சில நாள் எனக்கு அவள் மேல் பாசமே வருவதில்லை. மூத்தவனுக்கு வந்த மாதிரி இல்லை. நான் தப்புச் செய்துவிட்டேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக நான் வேலை செய்யும் இத்தனை வருஷத்தில், தத்து எடுத்த அம்மாக்கள் பலர் கதவைச் சாத்திய பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். மூத்தவன் உங்களிடம் வந்தபோது அவனுக்கு உலகத்தில் வேறு யாரையும் தெரியாது. அவன் அழுதான், நீங்கள் எடுத்தீர்கள், அவன் அடங்கினான். உங்கள் உடம்பும் அவன் உடம்பும் சேர்ந்தே பழகின. சின்னவள் 3 வயதில் வந்தவள். வரும்போதே ஒரு மொழி, தூங்குவதற்கு ஒரு பழக்கம், வலித்தால் தனக்குத் தானே சமாளித்துக்கொள்ளும் வழி எல்லாம் அவளிடம் இருந்தன. இந்தப் பொம்பளையை நம்பலாமா என்று அவள் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒட்டிக்கொள்ளாதபோது உங்களுக்கும் பொங்கி வரவில்லை. இதில் பாவமோ குற்றமோ எதுவும் இல்லை. பாசம் வராத நாளிலும் நீங்கள் சோறு ஊட்டியிருக்கிறீர்கள், காலுக்குச் சப்போர்ட் மாட்டியிருக்கிறீர்கள், பஸ் ஏறி தெரபிக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். அந்த வேலைகளின் நடுவில்தான் அது மெல்ல மெல்ல வளரும். பல வீடுகளில் வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தூக்கம் சரியாக வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை முட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு போலவே தத்து எடுத்த அம்மாக்களுக்கும் வருவதுண்டு. பெறவில்லையே, உனக்கென்ன என்று ஊர் கேட்கும் என்பதால் அவர்கள் வெளியே சொல்வதில்லை. அப்படி இருந்தால் அது சிகிச்சைக்குரிய விஷயம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு சேவை இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சரி, குழந்தைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் அவள் செய்வதெல்லாம் "மலையாளத்துப் பிள்ளை" என்ற ஒரே மூட்டையில் போய்விழுகிறது. ஆஸ்பத்திரியில் அதே மூட்டைக்கு "சி.பி. குழந்தை", அதாவது மூளை முடக்குவாதக் குழந்தை, என்று பெயர். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. அவளிடம் மூன்று நூல் பின்னிக்கிடக்கிறது. முதல் 3 வருஷத்தில் இல்லத்தில் வளர்ந்ததால் வந்தது ஒன்று. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வந்தது இன்னொன்று. எந்த 6 வயதுப் பிள்ளைக்கும் இருப்பது மூன்றாவது. எது எந்த நூல் என்று பிரித்துப் பார்த்தால்தான் என்ன செய்வது என்பது தெரியும்.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லங்களில் சோறு நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். பசிக்கிறது என்று கேட்டால் உடனே ஒரு கை ஊட்டிவிட அங்கே ஆள் போதாது. அது அவர்கள் கொடுமை இல்லை, பிள்ளைகள் அதிகம், ஆயாக்கள் குறைவு. அந்த வயதில் உடம்பு கற்றுக்கொண்டதை மூளை சுலபத்தில் விடாது. இப்போது சாப்பாடு நிறைய இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கும் இருக்குமா என்பதுதான் உறுதியில்லை. ஆகவே அதைத் திருட்டு என்று சொல்லாதீர்கள், "வைக்கவில்லை" என்பதைப் பொய் என்று பிடித்துக்கொண்டு விசாரிக்கவும் வேண்டாம்.

இதில் இரண்டாவது நூலும் சேர்ந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு நாக்கு, உதடு, தாடைத் தசைகளும் மெதுவாகத்தான் வேலை செய்யும். மென்று முழுங்க நேரம் எடுக்கும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் தட்டை வாங்கிவிடுகிறார்களா, அரை வயிற்றோடு எழுந்து வருகிறாளா? ஒருநாள் மதியம் நேரில் போய்ப் பாருங்கள். அப்படி இருந்தால், சாயங்காலம் அவள் ஒளிக்கும் அரை தோசைக்குப் பழைய பயம் பாதிக் காரணம், அன்றைய பசி மீதிக் காரணம். மற்றவர்களுக்கு முன் கால் மணி நேரம் முன்னதாக அவளை உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள்.

வீட்டில் அவளுக்கென்று மூடி போட்ட ஒரு சின்ன டப்பா வாங்கிக் கொடுங்கள். நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். படுக்கைப் பக்கத்தில் இருக்கட்டும். அதில் கெட்டுப்போகாத எதையாவது, வறுத்த கடலை மாவு உருண்டையோ பிஸ்கட்டோ, இரவில் அவள் கண் முன்னால் போட்டு வையுங்கள். அவள் எடுத்தால் எதுவும் கேட்காமல் மறுபடி நிரப்புங்கள். எந்த நாளும் அது காலியாக இருக்கக் கூடாது. சில மாதங்களில் அவள் டப்பாவைத் திறக்காமலே தூங்குவாள். எலித் தொல்லை டப்பா வந்த அன்றே குறைந்துவிடும். திராட்சை சீசனில் மட்டும் கவனம். மெல்லக் கஷ்டப்படும் குழந்தைக்கு முழுப் பழம் தொண்டையில் சிக்கும். நறுக்கிக் கொடுங்கள், அதை டப்பாவில் போடாதீர்கள்.

அடுத்து, விழுந்தால் அழாதது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். அழுதும் ஆள் வராத இடத்தில் குழந்தை அழுவதை நிறுத்திக்கொள்கிறது. ரொம்ப சமத்து என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் கூப்பிடாவிட்டாலும் போங்கள். கையில் இருக்கும் துணியை வைத்துவிட்டுப் போங்கள். "விழுந்துட்டியா தங்கம், வலிக்குதா, அம்மா ஊதிவிடுறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். வலித்தால் அம்மாவிடம் போகலாம் என்பது மூத்தவனுக்குப் பிறந்ததும் தெரிந்துவிட்டது. இவள் அதை 6 வயதில் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் சின்னச் சிராய்ப்புக்கு வீடே இடிகிற மாதிரி அழுதுகொண்டு உங்களிடம் ஓடி வருவாள். அன்றைக்கு எனக்கு எழுதுங்கள்.

யார் மடியிலும் ஏறுவது இதே கதையின் மறுபக்கம். எந்தப் பெரியவரும் அவளுக்கு ஒன்றுதான், ஏனென்றால் இல்லத்தில் ஷிப்டுக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருந்தார்கள். இதை அன்பான குழந்தை என்று ரசித்துக்கொண்டிருக்க முடியாது, ஆபத்து இருக்கிறது. ஊனமுள்ள குழந்தைகளைத் தவறாகத் தொடுகிறவர்கள் அதிகம், பேச்சு தெளிவில்லாத பிள்ளை என்றால் இன்னும் துணிகிறார்கள். கொஞ்ச காலத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்கி ஆறுதல் சொல்வது இந்த மூன்றையும் நீங்கள், அவர், பாட்டி மட்டும் செய்யுங்கள். வாடிக்கையாளர் மடியில் ஏறினால் அதட்டாமல் தூக்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "அக்காவுக்கு வணக்கம் சொல்லு, மடி அம்மாகிட்டதான்" என்றால் போதும். வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். எப்போதாவது சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

மொழி விஷயத்தில் உங்களுக்குத் தவறான அறிவுரை கொடுத்திருக்கிறார்கள், அதைத் திட்டமாகவே சொல்கிறேன். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு கெடாது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளும் இரண்டு மொழி பேசும் வீட்டில் வளரலாம், அதனால் கூடுதலாகப் பின்தங்குவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அவள் பேச்சு தெளிவில்லாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் வாய்த் தசைகள் காரணம். காதும் ஒரு காரணமாக இருக்கலாம். மூளை முடக்குவாதத்தோடு காது, கண் குறைகள் சேர்ந்து வருவது உண்டு. முறையாகக் கேட்புத்திறன் பரிசோதனை செய்திருக்கிறார்களா? இல்லையென்றால் மற்ற எதற்கும் முன்னால் அதைச் செய்யுங்கள். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். கண்ணையும் அதே நாளில் காட்டிவிடுங்கள்.

அந்த "வெள்ளம்" என்ற வார்த்தையிலேயே என் மனசு நிற்கிறது. 3 வயதுப் பிள்ளை, தெரியாத ஊர், தெரியாத முகங்கள், தாகம் எடுக்கிறது. தனக்குத் தெரிந்த சரியான வார்த்தையைச் சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்கள் அன்பாகத்தான் சிரித்தீர்கள், எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரிந்திருக்காது. நான் பேசினால் இங்கே தப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பாள். மலைக்கு அந்தப் பக்கம் சேரும் தண்ணீர், 1895-இல் பெரியாறு அணை கட்டியதிலிருந்து, நம் பக்கம் வந்துதான் இந்தப் பள்ளத்தாக்கு விளைகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையின் ஒரு வார்த்தைக்கு நம் வீட்டில் இடமில்லாமல் போகக் கூடாது.

இங்கே உங்கள் கணவரைக் கூப்பிடுகிறேன். நீங்கள் எழுதிய கடிதத்தில் அவர் ஜீப்பில் போகிறார், ஜீப்பில் வருகிறார், அவ்வளவுதான். தினமும் தோட்டத்தில் மலையாளம் பேசுகிறவர் அவர். சாயங்காலம் வந்து குளித்ததும் கால் மணி நேரம் சின்னவளோடு மலையாளத்தில் பேசட்டும். "வெள்ளம் வேணோ?" என்று கேட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கட்டும். முதல் நாள் முழிப்பாள், திரும்பிப் பார்க்காமலும் போவாள். விடாமல் செய்யட்டும். மறந்துபோனதாகத் தெரியும் வார்த்தைகளில் சில திரும்ப எழுந்து வரலாம், வராமலும் போகலாம். எப்படியானாலும், நீ எங்கிருந்து வந்தாயோ அது வெட்கப்பட வேண்டிய இடம் இல்லை என்று அப்பா வாயால் தினமும் கேட்கிறாள். உங்களுக்கும் அந்தக் கால் மணி நேரம் கிடைக்கும்.

அந்த நேரத்தில் கைக்கும் வேலை கொடுக்கலாம். ஏலக்காய் தரம் பிரிக்கும்போது தட்டை வலது கையால் பிடிக்கச் சொல்லி இடது கையால் பொறுக்கச் சொல்லுங்கள். அவரைக்காய் உரிக்க, சப்பாத்தி மாவு உருட்ட, இரண்டு கையும் வேண்டிய வேலை எதுவானாலும் நல்லது. நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பழக்குங்கள் என்று யாராவது சொன்னால், தெரபிஸ்ட் நேரில் பார்த்து முறையாகச் சொல்லாமல் செய்யாதீர்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி. "நான் உன் வயித்துல இருந்தேனா?" பயத்தில் ஆமாம் என்றது யாருக்கும் நடக்கக்கூடியது. ஆனால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் அவளுக்கு முன் பத்துப் பேருக்குத் தெரியும். உங்கள் நாத்தனார் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களுக்கு 2001-இல் வந்தது, "தொட்டில் பிள்ளை" என்று வசையாகச் சொல்கிறவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சண்டையில் யாரோ ஒரு பையன் வாயிலிருந்து அவள் இதைக் கேட்கப்போகிறாளா, உங்கள் மடியிலிருந்து கேட்கப்போகிறாளா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. வளர்ச்சி மெதுவாக உள்ள குழந்தைக்குப் புரியாது, பெரியவளானதும் சொல்லலாம் என்று மாமியார் நினைக்கலாம். மெதுவாகப் புரிந்துகொள்ளும் குழந்தைக்குத்தான் முன்னாலேயே தொடங்கி, சின்னச் சின்ன வார்த்தையில், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இப்படிச் சொல்லலாம்: "அன்னைக்கு நீ கேட்டப்ப அம்மா தப்பா சொல்லிட்டேன்டா. அண்ணன் இந்த வயித்துல இருந்தான். நீ வேற ஒரு அம்மா வயித்துல இருந்த. அப்புறம் நிறையப் பிள்ளைங்க இருக்கிற ஒரு வீட்ல வளர்ந்த. நானும் அப்பாவும் அண்ணனும் குமுளி, பீர்மேடு, முண்டக்கயம் எல்லாம் தாண்டி வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தோம். நீ எப்பவும் நம்ம வீட்டுப் பிள்ளை." அன்றைக்கு இவ்வளவு போதும். அடுத்த கேள்வியை அவளே கேட்பாள், ஒரு வாரத்திலோ ஒரு வருஷத்திலோ.

என்றைக்காவது "என் கால் இப்படி இருந்ததாலதான் குடுத்துட்டாங்களா?" என்று கேட்பாள். இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். பெற்ற அம்மாவைத் திட்டாதீர்கள், தெய்வமாகவும் ஆக்காதீர்கள், செத்துப்போய்விட்டாள் என்று கதை கட்டாதீர்கள். "ஏன்னு அம்மாவுக்குத் தெரியலைடா. ஆனா உன் கால் மேல ஒரு தப்பும் இல்ல, உன் மேலயும் தப்பு இல்ல" என்று தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தத்து ஒழுங்குமுறையே 18 வயதானபின் பிள்ளை தன் வேர்களைத் தேடித் தானாக விண்ணப்பிக்க வழி வைத்திருக்கிறது. அவள் உண்மையைத் தெரிந்துதான் வளர்வாள் என்று சட்டம் எண்ணுகிறது. ஆனால் கதை அவளுடையது. கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதை விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தத்து எடுக்கும்போது குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை என்று ஒரு கோப்பு கொடுத்திருப்பார்கள். பீரோவிலிருந்து அதை எடுத்து நிதானமாகப் படியுங்கள். எந்த வயதில் இல்லத்துக்கு வந்தாள், எதை விரும்பிச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று நீங்கள் அன்றைக்குப் பரபரப்பில் பார்க்காத பல விஷயம் அதில் இருக்கும். இல்லத்துக்குப் போன் செய்து, அவளைப் பார்த்துக்கொண்ட ஆயா இன்னும் இருக்கிறாரா, பழைய போட்டோ இருக்கிறதா, என்ன பாட்டுப் பாடித் தூங்கவைத்தார்கள் என்று கேளுங்கள். கிடைப்பதை ஒரு நோட்டில் ஒட்டி அவளிடமே கொடுங்கள்.

நாத்தனார் சொல்வதற்கு என் பதில் நீளமானதல்ல. தத்து ஆணை கையெழுத்தான நாளிலிருந்து சின்னவள் சட்டத்தின் கண்ணில் உங்களுக்குப் பிறந்த பிள்ளைக்குச் சமம், சொத்துரிமை உட்பட. ஒருமுறை விடப்பட்ட பிள்ளையை இரண்டாவது முறை விடுவது என்ன செய்யும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அந்த வார்த்தை இனி அவள் காதில் விழக் கூடாது. பேச்சு வரவில்லை என்பதால் காதில் விழுவது புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். இதை உங்கள் கணவர்தான் தன் தங்கையிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லி வீட்டில் சண்டை வாங்காதீர்கள்.

காகித வேலைகளும் கொஞ்சம் உண்டு. மாற்றுத்திறனாளிக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டை எடுக்காவிட்டால் உடனே எடுங்கள், அது இந்தியா முழுக்கச் செல்லும், மலையின் இரண்டு பக்கமும் உதவும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நிராமயா என்ற காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது, தெரபிச் செலவும் சேரும். பள்ளியில் சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு, வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இருப்பார். தத்துக்குப் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தவர்கள் 2 வருஷத்தோடு நின்றிருப்பார்கள். நீங்களாகக் கேட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இன்னும் உதவும்.

மகனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 8 வயதுவரை வீட்டில் ஒரே பிள்ளையாக இருந்தவன். தங்கச்சி வந்த பிறகு தெரபி, டாக்டர், பாட்டியின் புலம்பல், அத்தையின் பேச்சு எல்லாம் அவன் காது வழியாகத்தான் போயிருக்கின்றன. "திருப்பிக் கொடுத்துடலாம்" என்பதை அவனும் கேட்டிருக்கிறான். நான் சேட்டை செய்தால் என்னையும் கொடுத்துவிடுவார்களோ என்று 11 வயதுப் பையன் யோசிக்கமாட்டான் என்று நினைக்காதீர்கள், யோசித்த பையன்களை எனக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் சின்னவளைப் பாட்டியிடமோ அப்பாவிடமோ விட்டுவிட்டு அவனோடு மட்டும் எங்காவது போங்கள். சுருளி அருவி வேண்டாம், பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு டீயும் பஜ்ஜியும் போதும். தங்கச்சியைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.

ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வாருங்கள். வரும்போது அந்தக் கோப்பைக் கொண்டுவாருங்கள். முதல் தடவை சின்னவள் வர வேண்டாம், அவள் அப்பாவோடு மலையாளம் பேசிக்கொண்டு வீட்டில் இருக்கட்டும். நீங்களும் மகனும் மட்டும் வாருங்கள்.